எனாமல் எனக்குத் தெரிந்த சொல்

எனாமல் என்ற சொல்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. நாடு சுதந்திரமான வருஷம், பதினெட்டு வயதில், பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு எனாமல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். தெருப் பெயர்ப் பலகை, வீட்டு எண் தகடு, நீல விளிம்பு வைத்த வெள்ளைத் தட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் குவளை, பேசின் எல்லாம் அங்கே செய்வோம். மர்பி டவுனில் இருந்து நடந்தே போய் நடந்தே வருவேன்.

எனாமல் என்பது பெயின்ட் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அது கண்ணாடி. கண்ணாடியை மாவாக அரைத்து, களிமண்ணும் தண்ணீரும் சேர்த்துக் கரைத்து, இரும்புத் தகட்டை அதில் முக்கிக் காயவைத்து, சூளைக்குள் தள்ளினால் உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். கீழே விழுந்து சில்லு பெயர்ந்தால் அந்த இடத்தில் இன்னொரு பூச்சு, இன்னொரு முறை சூளை, புதுசு மாதிரி ஆகிவிடும். துரு இறங்கிப் பழுப்பான பழைய பலகை வந்தால் கந்தலில் ஆசிட்டைத் தொட்டுத் துடைப்போம். பழுப்பு கரைந்து ஓடும். பிறகு நுரைக்கல் தூளைப் போட்டுத் தேய்த்தால் வெள்ளை வெளேரென்று வந்துவிடும். அந்தத் துடைக்கிற வேலையில் பட்டறையிலேயே கைதேர்ந்தவன் நான்தான். அந்தப் பெருமைதான் எங்கள் குடியைக் கெடுத்தது, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் என் தங்கைக்கும் பதினோரு வயது வித்தியாசம். நான் பிறந்தது வட ஆற்காட்டில், அம்மா பிறந்த ஊரில். எனக்குப் பல் விழுந்து முளைத்ததெல்லாம் அங்கேதான். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். கல்தூசி நெஞ்சில் ஏறி அவரால் வேலை செய்ய முடியாமல் போனபோது, சுரங்கக் கம்பெனி கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, சில மைல் தள்ளி ஒரு கிராமத்தில் குடியேறினார். நானும் அம்மாவும் அங்கே போய்ச் சேர்ந்தோம். தங்கை அங்கேதான் பிறந்தாள். ஏழு வயது வரை அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தாள். அப்பா செத்த பிறகு பெங்களூர் வந்தோம்.

அந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் பல் பழுப்பு. பாலில் டிக்காஷன் சிந்தின மாதிரி முன்பற்களில் குறுக்கே வரி வரியாக ஓடும். அங்கே அதை யாரும் ஒரு குறையாகப் பார்த்ததில்லை. வெள்ளைப் பல் இருந்த என்னைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். பெங்களூர்ப் பள்ளிக்கூடத்தில் நிலைமை தலைகீழ். "இந்த வயசுலயே பொகையில போடுறியா?" என்று ஒரு டீச்சர் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் கேட்டாளாம். அன்றிலிருந்து என் தங்கை சிரிப்பு வந்தால் உதட்டை இறுக்கி மூக்கால் சிரிக்கப் பழகிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு அது திமிராகத் தெரியும். எங்கள் தெருவே அவளைத் திமிர்பிடித்தவள் என்றது.

அம்மா வீட்டில் ஊதுபத்தி உருட்டினாள். கரித்தூளும் பிசினும் பிசைந்த கரிய மாவை மூங்கில் குச்சியில் உள்ளங்கையால் உருட்டி ஏற்றும் வேலை. காலையில் உருட்டுகிற மணைக்கு முன்னால் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை இடுப்பு நிமிராது. உள்ளங்கை ரேகைக்குள் ஏறின கறுப்பு எதற்கும் போகாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தங்கையும் உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கம் புரட்டும்போது மட்டும் முழங்கையை உபயோகிப்பாள். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் அவள்தான்.

"நர்ஸுக்குப் படிக்கப் போறேண்ணா" என்றாள். "இந்த மணைக்கு முன்னால என்னால ஒக்கார முடியாது. செத்தாலும் முடியாது."

அவள் அப்படி எதையும் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகும் கேட்கவில்லை. ஆகவே அவள் ஆசைப்பட்டதெல்லாம் நர்ஸ் பயிற்சியில் அந்த ஒரு இடம்தான். ஒரு வெள்ளைப் புடவை, தலையில் ஒரு குல்லா, கழுவினால் சுத்தமாகிற கை.

நர்ஸ் பயிற்சி கொடுத்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நான் வாசலில் மரத்தடியில் நின்றேன். மேட்ரன் மார்க் சீட்டைப் பார்த்து நல்ல பொண்ணு என்றாளாம். அதைக் கேட்ட சந்தோஷத்தில் இவள் வாயைத் திறந்து சிரித்திருக்கிறாள். அவ்வளவுதான். மேட்ரன் கையில் இருந்த பேனாவை மூடி வைத்துவிட்டாள். புகையிலையா, வெற்றிலையா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றதற்கு, உங்கள் ஆட்களுக்கு இது பழக்கம்தானே, பொய் வேறு எதற்கு என்றாள். மூன்று மாதத்தில் இன்னொரு முறை ஆள் எடுப்போம், பழக்கத்தை விட்டுவிட்டுப் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வா, அதற்குப் பிறகு வராதே என்று அனுப்பிவிட்டாள்.

தங்கை இதை எல்லாம் நடந்துகொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. திரும்பிப் போய் அந்த மேட்ரனிடம் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்வாசலில் நின்ற காவல்காரனைத் தாண்டிப் போகிற தைரியம் எனக்கு இல்லை. அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கத்தினேன்.

மறுநாளில் இருந்து அவள் பல்லோடு சண்டை போட ஆரம்பித்தாள். செங்கல்லை இடித்துச் சலித்த தூள், அடுப்புக்கரி, உப்பு, சாம்பல் என்று ஒன்று விடவில்லை. கிணற்றடியில் அரை மணி நேரம் நின்று தேய்ப்பாள். துப்பினால் சிவப்பாக விழும். செங்கல்லா ரத்தமா என்று தெரியாது. ஒரு மாதத்தில் ஈறு வீங்கியது, பழுப்பு அப்படியே இருந்தது. தேய்த்ததில் பளபளப்பு போய்ப் பல் மங்கி, பழுப்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

சிவாஜி நகர் பக்கம் ஒரு சீனாக்காரர் பல் கட்டும் கடை வைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழுப் பல்செட்டு சிரித்துக்கொண்டிருக்கும். தமிழும் உருதுவும் கலந்து ஒரு பேச்சுப் பேசுவார். தங்கையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார், ஒரு கம்பியால் சுரண்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"மேலே கறை நஹி. எனாமல்ல இருக்குது. எனாமல் கே அந்தர். பவுடர் போட்டா போவாது. சோட் தோ. விட்டுடு."

"எதுல இருக்குதுன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

"எனாமல், எனாமல்" என்று அவர் தன் பல்லை நகத்தால் தட்டிக் காட்டினார்.

அவர் நான்கு சொல் சொன்னார். விட்டுவிடு என்றும் சொன்னார். என் காதில் விழுந்தது ஒன்றுதான். பத்து வருஷமாக நான் தொட்டு, துடைத்து, சூளையில் வைத்து எடுத்துக்கொண்டிருந்த பொருள். பல்லுக்கு மேலே இருப்பதும் அதுதானா? அப்படியானால் இதற்கு எதற்குச் சீனாக்காரர்? திரும்பி வரும் வழியெல்லாம் நான் தங்கையிடம் எனாமலைப் பற்றி வகுப்பு எடுத்தேன். பழுப்பு இறங்கின பலகைகளை எப்படி வெள்ளையாக்குவேன் என்று விளக்கினேன். அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கும் பண்ணுவியாண்ணா?"

வேறு எந்த அண்ணனாக இருந்தாலும் இது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்திருக்கும். ஒரு கொத்தனாரோ தையல்காரனோ அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பான். எனக்கு அந்த வார்த்தை தெரியும். தெரிந்ததுதான் கேடு.

பட்டறையில் இருந்து ஒரு சின்ன மருந்துப் புட்டியில் ஆசிட்டைக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும் என்று பின்கட்டில் அவளைச் சுவரோரம் உட்காரவைத்தேன். உதட்டிலும் ஈறிலும் எண்ணெய் தடவினேன், உதட்டுக்கடியில் துணியைச் சுருட்டி வைத்தேன். முட்டாள்தனத்தை அவ்வளவு அக்கறையாக யாரும் செய்திருக்க மாட்டார்கள். குச்சியில் பஞ்சைச் சுற்றித் தொட்டு முதல் பல்லில் வைத்தேன். சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. பட்டறையில் குமிழி வந்தால் துரு கழல்கிறது என்று அர்த்தம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"எரியுதா?"

அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிட் நெடி என்று நினைத்துக்கொண்டேன், எனக்கும் கண் எரிந்தது. கழுவிவிட்டு நுரைக்கல் தூளால் தேய்த்தேன். அம்மா வாசற்படியில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். "போதும்டா" என்று இரண்டு முறை சொன்னாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று ஞாயிறு அப்படிச் செய்தேன். மூன்றாவது ஞாயிறு மேல்வரிசையில் முன்பல் ஆறும் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவர் போல, பளபளப்பு இல்லாத வெள்ளை. அம்மாவின் கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு என் தங்கை வாயை முழுசாகத் திறந்து சிரித்தாள். ஏழு வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். 

மேட்ரன் அவளைப் பார்த்து, பழக்கத்தை விட்டுவிட்டாய், நல்லது என்றாளாம். இடம் கிடைத்துவிட்டது. அம்மா தெருவுக்கெல்லாம் வெல்லம் கொடுத்தாள். நான் பட்டறையில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், ரேஷன் கியூவில் முன்னால் நின்றவனிடம் சொன்னேன். தங்கவயலுக்குக் கல்யாணத்துக்குப் போனபோது பழைய கிராமத்து ஆட்களிடம் பந்தியில் உட்கார்ந்து அளந்தேன். டாக்டரால் முடியாததை நான் செய்தேன் என்று சொன்னேன்.

ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. விடுதியில் இருந்து மாதம் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வருவாள். மார்கழியில் வந்தபோதுதான் கவனித்தேன், பெங்களூர்க் காலைக் குளிரில் வாயைத் துணியால் மூடிக்கொண்டு நடந்தாள். தண்ணீரை வெந்நீராகக் கேட்டாள். புளிக்குழம்பை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றை ஒரு பக்கமாக மென்றாள். என்னடி என்றால் ஒன்றும் இல்லை என்றாள். பல்லின் வெள்ளை மஞ்சளாகிக்கொண்டு வந்தது. விளிம்பு மெலிந்து, பிளேடு மாதிரி ஆகி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒருநாள் ரொட்டி கடிக்கும்போது ஒரு பல்லின் மூலை பெயர்ந்து விழுந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். ஒட்டவைக்க முடியுமா என்று கேட்டாள். என்னைக் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அடுத்த வருஷம் முகம் வீங்கிவிட்டது. மூக்கடியில் சீழ் கட்டி, காய்ச்சல் ஏறி, வார்டில் நிற்க முடியாமல் மயங்கி விழுந்தாள். உடம்பு தேறி வா என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் வருவதும் போவதுமாக நான்கு மாதம் போயிற்று. அவளோடு சேர்ந்தவர்கள் பரீட்சை எழுதி மேலே போனார்கள். அவள் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம், இரண்டு வரிதான் இருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் ஒருவர், கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். ஆறு பல்லையும் அவர்தான் பிடுங்கினார். அவளை உள்ளே பஞ்சைக் கடிக்கச் சொல்லிப் படுக்கவைத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"யாரு மாடித்து இது? யார் பண்ணது?"

"நான்தான் சார்."

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. 

"மறுபடியும் மேல பூச முடியாதா சார்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"உன் எனாமல் வேற, இது வேறப்பா" என்றார். "பேருதான் ஒண்ணு. உன்னது இரும்பு மேல பூசுற கண்ணாடி. இதை யாரும் வெளியில இருந்து பூசலை. ஈறுக்குள்ள பல் உண்டாகுறப்போ உடம்பே கொஞ்சம் கொஞ்சமா அடுக்கினது. உடம்புல இதைவிடக் கெட்டியானது எதுவும் இல்லை, எலும்புகூட இல்லை. ஆனா அடுக்கின அணுக்கள் பல் வெளிய வர்றப்போ செத்துப்போயிடும். எலும்பு ஒடைஞ்சா கூடும், தோல் கிழிஞ்சா வளரும். இது வளராது. மேலாக லேசா அரிச்சிருந்தா எச்சில்ல இருக்குற சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் திரும்பி ஒக்காரும். அவ்ளோதான் ரிப்பேரு. செங்கல் தூள் போட்டு அதைப் பாதி தேய்ச்சீங்க. மீதிய நீ கரைச்சுட்டே. அதுக்கு அடியில இருக்குறது மெத்து, அதுல நரம்புக்குப் போற கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கு. தண்ணி, காத்து எல்லாம் நேரா நரம்புலதான் பட்டிருக்கும். இந்தப் பொண்ணு ஒன்றரை வருஷம் எப்படிப் பொறுத்தாளோ."

பட்டறையில் குமிழி வந்தபோது துரு கழன்றது. பின்கட்டில் குமிழி வந்தபோது கழன்றது பல்.

அந்தப் பழுப்பு எதனால் என்றும் சொன்னார். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் ஃப்ளோரின் என்று ஒரு உப்பு அதிகமாம். பல் உண்டாகிற வயதில் அதைக் குடித்தால் எனாமலுக்குள்ளேயே கறை பிடித்துவிடுமாம். "பார்க்கத்தான் நல்லா இருக்காது. ஆனா இந்த மாதிரிப் பல்லுல சொத்தை சீக்கிரம் விழாது. விட்டிருந்தா கிழவியாகுற வரைக்கும் நின்னிருக்கும்." பிறகு கை கழுவிக்கொண்டே, பெரிதாக ஒன்றும் சொல்லாத மாதிரி, இதையும் சொன்னார். "என்கிட்ட கூட்டி வந்திருந்தா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருப்பேனே. இது தண்ணிக் கறை, பொகையில இல்லைன்னு. எந்த மேட்ரனும் ஒத்துக்குவாங்க."

உள்ளே போனேன். தங்கை ரத்தம் ஊறின பஞ்சோடு படுத்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டாள்.

"வெந்நீர்ல கொப்பளிக்கச் சொன்னாரு" என்றேன்.

சீட்டு விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. போனது போய்விட்டது, இன்னும் ஏன் நோகடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவளைக் காப்பாற்ற இல்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மறைத்தேன். வேறு வழியே இல்லாமல் செய்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்வரை நான் நல்ல அண்ணன்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். பல்செட்டு கட்டிக்கொண்டாள், மணைக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செத்தாலும் உட்கார மாட்டேன் என்றவள் உட்கார்ந்தாள். ஒருநாள்கூட என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அம்மா எப்போதாவது முணுமுணுத்தால், "அண்ணன் இன்னாம்மா பண்ணும், எனக்காகத்தானே பண்ணிச்சு" என்பாள். நான் பக்கத்து அறையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டு, காப்பி குடித்துக்கொண்டு இருப்பேன். மூன்று நான்கு வருஷம் அப்படியே ஓட்டினேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தங்கவயல் பக்கத்தில் இருந்து ஒரு பெரியவர் தன் மகளோடு வந்தார். எங்கள் பழைய கிராமத்து ஆள். பந்தியில் நான் அளந்ததைக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அந்த இறுக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"தம்பி, திங்கக்கிழம இவளுக்கு நர்ஸு ஆஸ்பத்திரியில இன்டர்வியூ. நீ தங்கச்சிக்குப் பல்ல வெள்ள பண்ணி வேல வாங்கிக் குடுத்தேன்னு சொன்னியே. இவளுக்கும் பண்ணி வுடுப்பா. ஒன்ன நம்பித்தான் வந்தோம்."

 இப்போதெல்லாம் செய்வதில்லை என்றேன், ஆசிட் கிடைப்பதில்லை என்றேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள், வாயைத் திறக்காமலே.

தங்கை உள்ளே மணையை விட்டு எழுந்து வந்தாள். கையெல்லாம் கரி. அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்று, கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, மேல்வரிசைப் பல்லைக் கழற்றிக் கையில் எடுத்தாள். முன்பல் இல்லாத வாயைத் திறந்து காட்டினாள். இருபத்திரண்டு வயதில் அவளுக்குக் கிழவி வாய்.

"நல்லாப் பாத்துக்கோ" என்றாள். "ஆறே மாசம் வெள்ளையா இருந்துச்சு. நீ இப்பிடியே போ. கெடைக்கலைன்னா கெடைக்கலை. பல்லாவது மிஞ்சும்."

பெரியவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இன்னாதான் பண்றது? வேற வழியே இல்லியா?" என்று கேட்டார். அவர் என் தங்கையைக் கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்துக் கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாலு வருஷமாகச் சொல்லாமல் இருந்தவனுக்கு அது பெரிய காரியம் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் அழுகை மூக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பல் டாக்டர் இருக்காரு" என்றேன். "அவரு ஒரு சீட்டு எழுதித் தருவாரு. தண்ணிக் கறைன்னு. அதைக் காட்டினா எடுத்துக்குவாங்க."

தங்கை பல்செட்டைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எப்பத் தெரியும்ணா?"

"பல்ல எடுத்த அன்னிக்கி."

அவள் பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு, அவர்கள் இருவரையும் உட்காரவைத்துச் சோறு போட்டாள். மறுநாள் ஞாயிறு முழுவதும் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் தலை வாரி, நல்ல புடவை ஒன்று கட்டிக்கொண்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். அங்கிருந்து தான் படித்த ஆஸ்பத்திரிக்கும் அவளே கூட்டிப் போனாள். நான் பட்டறைக்குப் போகவில்லை.  அம்மா உருட்டிக்கொண்டிருந்தாள், நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கிடைக்கக் கூடாது என்று என் மனசில் ஒரு மூலையில் ஓடியது. கிடைக்காவிட்டால் அந்தச் சீட்டு எனக்கும் உதவியிருக்காது என்று ஆகிவிடும் இல்லையா? அப்படி நினைத்தவன்தான் நான். எழுதி வைக்கிறேன்.

வெயில் ஏறின பிறகு தனியாக வந்தாள். செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், என் எதிரில் வந்து நின்றாள்.

"எடுத்துக்கிட்டாங்க" என்றாள். "அதே மேட்ரன்தான். சீட்டப் படிச்சாங்க. அப்பிடியான்னாங்க. கையெழுத்துப் போட்டாங்க. நான் ஒக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

பிறகு என்னை அடித்தாள். முதலில் கன்னத்தில், பிறகு தோளில், நெஞ்சில், எங்கே பட்டாலும் சரி என்று இரண்டு கையாலும் அடித்தாள். "ஒரு சீட்டுண்ணா" என்றாள். ஒவ்வொரு அடிக்கும் அதையே சொன்னாள். "ஒரு சீட்டு. ஒரு சீட்டு." சொல்லச் சொல்ல வாய்க்குள் பல்செட்டு நழுவி வார்த்தை குழறியது. அம்மா மணையை விட்டு எழுந்தாள். எங்களைப் பார்த்தாள். மறுபடியும் உட்கார்ந்து ஒரு குச்சியை எடுத்து உருட்ட ஆரம்பித்தாள்.